பருத்திக்காட்டுப் பள்ளிகள்

ஒரு சிற்றூர்ப் பள்ளியின் தேர்ச்சிப் பட்டியல் வெளிவருகிறது. தேறியவர் சிலர், தவறியவர் பலர். பட்டியலைக் கையில் எடுத்தவர்கள் உடனே மற்றொரு பட்டியலைத் தேடுகிறார்கள். அங்கே படிப்பவர்கள் யார், யார் வீட்டுப் பிள்ளைகள் என்ற பட்டியலை! இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். "சரிதான், இவர்களுக்கு இவ்வளவுதான் வரும்" என்று தலையசைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பட்டியல் ஒன்று உண்டு. அந்தப் பள்ளிக்கு எத்தனை அறைகள், எத்தனை ஆசிரியர்கள், ஆண்டில் எத்தனை நாட்கள் வகுப்பு, பிள்ளை ஒன்றுக்கு எவ்வளவு செலவு என்ற பட்டியல் அது. அதை மட்டும் எவரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்த்த வரலாறு ஒன்று உண்டு. அது அமெரிக்க நாட்டின் தென்மாநிலங்களில், பருத்திக்காடுகளின் நடுவே நடந்தது. பிறவி பெரிதா, பள்ளி பெரிதா என்று வாதாடும் எந்த இளைஞரும் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது என்பதால் இங்கே எடுத்துரைக்கிறோம்.

எழுத்துக்கு விலங்கு

கறுப்பின மக்களுக்கு அறிவு குறைவு என்று அடிமை முதலாளிகள் மேடைதோறும் முழங்கினார்கள். ஆனால் அவர்கள் இயற்றிய சட்டங்கள் வேறு கதை பேசின. 1740ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் ஒரு சட்டம் வந்தது. அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பவருக்கு 100 பவுன் தண்டம்! 1830ஆம் ஆண்டுக் கூட்டத்தொடரில் வட கரோலினாச் சட்டமன்றம் எழுத்தோடு படிப்பையும் சேர்த்துத் தடுத்தது. ஓர் அடிமை மற்றோர் அடிமைக்குக் கற்றுக்கொடுத்தால் முதுகில் 39 கசையடி. எண்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் விலக்கு அளித்தது. மூட்டைகளை எண்ணத் தெரிய வேண்டும். முறி எழுதத் தெரியக் கூடாது!

நாம் கேட்கிறோம்: கல்லுக்குப் பாட்டுச் சொல்லித் தரக் கூடாது என்று எந்த அரசாவது சட்டம் இயற்றுமா? மீனுக்கு மரமேறக் கற்பிப்பவனை எந்த நீதிமன்றமாவது தண்டிக்குமா? கற்க முடியாதவனைக் கற்காதே என்று தடுக்க வேண்டிய தேவையே இல்லை. தடை போட்டவனே, தடுக்கப்பட்டவனின் அறிவுக்கு முதல் சான்று எழுதித் தந்துவிட்டான்.

1865ஆம் ஆண்டில் அடிமைத்தளை அறுந்தது. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கறுப்பின மக்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டினர் எழுத்தறியாதவர்கள். 1910இல் அந்த எண்ணிக்கை 30 விழுக்காடாக இறங்கிவிட்டது. நாற்பதே ஆண்டுகள்! தாத்தா கைநாட்டு, பேரன் கையெழுத்து. இரத்தம் மாறவில்லை, மூளை மாறவில்லை, மூடியிருந்த கதவு சற்றே திறந்தது, அவ்வளவுதான்.

தலைக்கணக்கில் உண்டு, செலவுக்கணக்கில் இல்லை

திறந்த கதவை மீண்டும் சாத்தும் வேலை விரைவிலேயே தொடங்கிற்று. 1896ஆம் ஆண்டில் பிளெசி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று தீர்ப்பளித்தது. 'தனி' என்பது உடனே நடைமுறைக்கு வந்தது. 'சமம்' என்பது ஏட்டிலேயே தங்கிற்று.

பணம் பங்கிடப்பட்ட முறையைப் பாருங்கள். மாநில அரசு கல்விப் பணத்தை மாவட்டங்களுக்குத் தலைக்கணக்கில் பிரித்துக் கொடுத்தது. அந்தக் கணக்கில் கறுப்புக் குழந்தையும் ஒரு தலை, வெள்ளைக் குழந்தையும் ஒரு தலை. ஆனால் பணம் மாவட்டத்திற்கு வந்து சேர்ந்தபின் அதைச் செலவிடுவது வெள்ளையரின் கல்விக் குழு. கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த பருத்தி மாவட்டங்களிலேதான் இந்த ஏற்பாடு வெள்ளையருக்கு மிகுந்த ஆதாயம் தந்தது. கறுப்புக் குழந்தைகளின் தலைகளைக் காட்டிப் பெற்ற பணம், வெள்ளைக் குழந்தைகளின் பள்ளிக்குச் செங்கல்லாயிற்று, சுண்ணாம்பாயிற்று, ஆசிரியர் சம்பளமாயிற்று.

எஞ்சிய சில்லறையில் நடந்த பள்ளி எப்படி இருந்தது? பெரும்பாலும் தேவாலயத்தின் ஒரு மூலை. இல்லையேல் ஒழுகும் பழைய மரக்கொட்டகை. ஓர் ஆசிரியர், அவர் முன்னே ஆறு வயதுச் சிறுவனும், மீசை அரும்பும் வாலிபனும் ஒரே பெஞ்சில். வந்தவர்கள் யார்? நிலம் பிறருடையது, உழைப்பு தம்முடையது என்று வாரத்துக்குப் பயிரிட்டு, ஆண்டு முடிவில் கடனே மிஞ்சிய குடும்பங்களின் பிள்ளைகள். பருத்தி விதைக்கும் காலத்தில் வகுப்பு இல்லை. பருத்தி எடுக்கும் காலத்திலும் வகுப்பு இல்லை. இடையே கிடைத்த சில மாதங்களே கல்வியாண்டு. அதற்கும் வெள்ளையர் பள்ளியில் கிழிந்து கழிந்த புத்தகங்களே பாடநூல். இவ்வளவையும் செய்துவிட்டு, "இவர்கள் ஏன் குறைவாகப் படிக்கிறார்கள்?" என்று வியந்தார்கள்!

முப்பத்தெட்டு டாலர்

1856இல் அடிமையாகப் பிறந்து, 1881இல் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் கல்விக்கூடம் கண்டவர் புக்கர் வாஷிங்டன். ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தில் பிறந்து, சியர்ஸ் ரோபக் என்னும் பெரும் வணிக நிறுவனத்தின் தலைவரானவர் ஜூலியஸ் ரோசன்வால்டு. 1912ஆம் ஆண்டில் ரோசன்வால்டு தமது ஐம்பதாவது பிறந்தநாளையொட்டி டஸ்கீகிக்கு 25,000 டாலர் வழங்கினார். அதில் மிஞ்சிய சிறு தொகையைக் கொண்டு அலபாமாவின் சிற்றூர்களில் ஆறு பள்ளிகள் கட்டலாம் என்றார் வாஷிங்டன். லோச்சபோகா என்னும் ஊரில் 1913இல் முதல் பள்ளி எழுந்தது. 1915இல் வாஷிங்டன் மறைந்தார்; ஆனால் பள்ளிகள் பெருகின. 1917இல் ரோசன்வால்டு நிதியம் பிறந்தது.

இது வள்ளல் ஒருவர் கொடுக்க, வறியவர் கைகட்டி வாங்கிய கதை என்று எண்ணிவிடாதீர்கள். நிதியம் விதித்த நிபந்தனைகள் கவனிக்கத்தக்கவை. நிதியம் ஒரு பகுதிதான் தரும். ஊர் மக்கள் தம் பங்கைப் பணமாகவோ, மரமாகவோ, உழைப்பாகவோ கொடுக்க வேண்டும். அரசும் தன் பங்கைச் செலுத்த வேண்டும். நிலமும் கட்டடமும் பொதுக்கல்வித் துறையின் பெயரில் பதியப்பட வேண்டும். பள்ளி அரசுப் பள்ளியாகவே நடக்க வேண்டும். ஆண்டில் ஐந்து மாதமாவது வகுப்பு நடந்தாக வேண்டும். தட்டிக்கழித்துக்கொண்டிருந்த மாவட்ட ஆட்சியை மேசைக்கு இழுத்துவந்து உட்காரவைத்த நிபந்தனைகள் இவை.

ஊர் மக்கள் கொடுத்தார்கள். காட்டில் ஒரு பாத்தியை ஒதுக்கி, அதில் விளைந்த பருத்தியைப் பள்ளிக்கென்று விற்றார்கள். கோழி விற்றார்கள். மரம் வெட்டிச் சுமந்தார்கள். அலபாமாவின் போலிஜி என்னும் ஊரில் நிதி திரட்டும் கூட்டம் ஒன்று நடந்தது. அடிமைக் காலத்தைக் கண்ணால் கண்ட முதியவர் ஒருவர், அழுக்கேறிய பை ஒன்றை எடுத்து மேசைமீது கவிழ்த்தார். காசும் சில்லறையுமாக 38 டாலர்! வாழ்நாள் முழுவதும் சேர்த்த செல்வம் அதுதான். பேரப்பிள்ளைகளின் பிள்ளைகளாவது வாய்ப்புப் பெறட்டும் என்று அவர் அனைத்தையும் கொடுத்தார். கோயில் உண்டியலில் விழாமல் பள்ளிக்கூட மேசையில் விழுந்த அந்தக் காசின் ஒலி, எந்த மணியோசைக்கும் குறைந்ததன்று.

கட்டடம் எளியது, ஆனால் கருத்தோடு கட்டப்பட்டது. மின்விளக்கு இல்லாத ஊர்கள் ஆகையால், கிழக்கும் மேற்கும் நோக்கி வரிசை வரிசையாகப் பெரிய சன்னல்கள். கதிரவனே விளக்கு. தொடக்க காலப் படங்களை வரைந்தவர் டஸ்கீகியில் பணியாற்றிய ராபர்ட் டெய்லர் என்னும் கறுப்பினக் கட்டடக் கலைஞர்.

1932ஆம் ஆண்டில் இத்திட்டம் முடிந்தபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் நின்றன. அவற்றில் 6,63,615 பிள்ளைகளுக்கு இடமிருந்தது. ஆசிரியர் 14,747 பேர். அதாவது ஒரு பள்ளிக்கு ஏறத்தாழ 133 பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள். மொத்தச் செலவு 2,84,08,520 டாலர். அதில் நிதியம் தந்தது 43,64,869 டாலர். கறுப்பின மக்கள் தந்தது 47,25,871 டாலர். வள்ளலைவிட வாரக்குடி அதிகம் கொடுத்திருக்கிறான்! வெள்ளையர் நன்கொடை 12,11,975 டாலர், எஞ்சியது வரிப்பணம். அந்த வரியையும் கறுப்பின மக்கள் செலுத்தியவர்களே. ஒரே பள்ளிக்கு இருமுறை விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

தேர்வு சொன்ன உண்மை

பள்ளி கட்டினார்கள், படிப்பு வந்ததா? பிறவிவாதிகள் அன்று தேர்வு எண்களையே படைக்கலமாக ஏந்தி நின்றார்கள். முதல் உலகப் போரின்போது அமெரிக்கப் படை ஏறத்தாழ 17 லட்சம் பேருக்கு அறிவுத் தேர்வு நடத்தியது. அதன் முடிவுகளைக் கொண்டு 1923இல் கார்ல் பிரிகம் என்னும் உளநூல் பேராசிரியர், அறிவு இனத்துக்கு இனம் பிறவியிலேயே வேறுபடுகிறது என்று நூல் எழுதினார். ஏழே ஆண்டில், 1930இல், அந்த முடிவைத் தாமே கைவிட்டார். ஆனால் பொய் கிளம்பிய வேகத்தில் மறுப்பு கிளம்புவதில்லையே!

அதே படைத்தேர்வின் எண்களை மாநிலவாரியாகப் பிரித்தபோது வேறொரு காட்சி தெரிந்தது. மிசிசிப்பி வெள்ளையரின் நடுமதிப்பு 41.25, கென்டக்கி வெள்ளையர் 41.50, ஆர்கன்சா வெள்ளையர் 41.55. வடக்கே நியூயார்க் கறுப்பினத்தார் 45.02, இல்லினாய் கறுப்பினத்தார் 47.35, ஓகையோ கறுப்பினத்தார் 49.50! ஒரே மாநிலத்துக்குள் வெள்ளையர் மேலே நின்றார்கள் என்பதும் உண்மைதான். அங்கே அவர்களுக்கே நல்ல பள்ளி. ஆனால் நல்ல பள்ளி உள்ள மாநிலத்துக் கறுப்பினத்தார், நலிந்த பள்ளி உள்ள மாநிலத்து வெள்ளையரை முந்தினார்கள். தோலின் நிறம் தீர்மானித்திருந்தால் இது எப்படி நடக்கும்?

"அறிவுள்ளவர்கள் மட்டும் வடக்கே குடிபெயர்ந்துவிட்டார்கள்" என்று பதில் வந்தது. ஆட்டோ கிளைன்பர்க் என்னும் ஆராய்ச்சியாளர் அதையும் சோதித்து 1935இல் வெளியிட்டார். தெற்கிலிருந்து போனவர்களின் பழைய பள்ளிப் பதிவேடுகளைப் புரட்டினார். போனவர்கள் இருந்தவர்களைவிட உயர்ந்தவர்களாக இல்லை. ஆனால் நியூயார்க்கில் பிள்ளைகள் வாழ்ந்த ஆண்டுகள் கூடக் கூட, அவர்களின் தேர்வு எண்ணும் கூடிற்று. புலம்பெயர்ந்த மூளை வளர்ந்ததா? இல்லை, புதிய பள்ளி வளர்த்தது.

இந்த எண்களை ரூத் பெனடிக்டும் ஜீன் வெல்ட்பிஷும் 1943இல் ஒரு சிறு வெளியீட்டில் எளிய நடையில் அச்சிட்டார்கள். படைவீரர்களுக்கு வழங்கவிருந்த அந்த வெளியீடு 1944இல் தடுத்து நிறுத்தப்பட்டது. எதிர்ப்புக் கிளப்பியவர், நாடாளுமன்றப் படைத்துறைக் குழுவின் தலைவர் ஆண்ட்ரூ மே. அவர் கென்டக்கி மாநிலத்தவர்! கணக்கைத் திருத்த முடியாதவர்கள் கணக்குப் புத்தகத்தை மூடினார்கள்.

ரோசன்வால்டு பள்ளிகளின் கணக்கை 2011இல் ஏரன்சன், மசும்தர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அப்பள்ளிகள் எழுந்த இடங்களில் கறுப்பினப் பிள்ளைகளின் வருகை கூடிற்று, எழுத்தறிவு கூடிற்று, படித்த ஆண்டுகள் கூடின, பின்னாளில் படைத்தேர்வில் பெற்ற எண்ணும் கூடிற்று. தெற்கின் சிற்றூர்களில் இரு இனத்தாருக்கும் இடையே இருந்த கல்வி இடைவெளி குறைந்ததில் இப்பள்ளிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்று அவர்கள் கண்டார்கள். பிள்ளைகள் அதே பிள்ளைகள். பெற்றோர் அதே வாரக்குடிகள். மாறியது ஒன்றே: பள்ளி.

பள்ளி மட்டும் போதுமா?

போதாது என்பதையும் வரலாறு சொல்கிறது. ரோசன்வால்டு பள்ளி அடிமைத்தனத்தின் கதவை உடைத்தது. ஒதுக்கலின் சுவரை உடைக்கவில்லை. கைத்தொழிற் கல்விக்கே வாஷிங்டன் முதன்மை தந்தார். கையுழைப்பு மட்டும் கற்றவன் மேலாளனாவது எப்போது, உரிமை கேட்பது எப்போது என்று டூபாய்ஸ் எதிர்த்து வாதிட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. தென்னாட்டு வெள்ளை முதலாளிகளில் பலர் கைத்தொழிற் கல்வியைப் பாராட்டியது அன்பினால் அன்று.

தென் கரோலினாவின் கிளாரென்டன் மாவட்டத்தில் 1949-50ஆம் கல்வியாண்டில் வெள்ளைக் குழந்தைக்குச் செலவு 179 டாலர். கறுப்புக் குழந்தைக்கு 43 டாலர். வெள்ளைப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள். கறுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் முதலில் கேட்டது ஒரே ஒரு பேருந்துதான். அது மறுக்கப்பட்டபோது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கில் முதற்பெயராக நின்ற ஹாரி பிரிக்ஸ் வேலையை இழந்தார். அவர்களை ஒன்றுதிரட்டிய டிலேன் என்பவரின் வீடு எரிந்து சாம்பலாயிற்று. ஆயினும் அவ்வழக்கு மற்ற வழக்குகளோடு சேர்ந்து உச்ச நீதிமன்றம் ஏறிற்று. 1954 மே 17 அன்று, தனி என்றாலே சமம் இல்லை என்று பிரவுன் வழக்கில் தீர்ப்பு வந்தது.

1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவரிடம் ஆய்வு நடந்தது. கட்டடத்தையும் கருவியையும்விட, குடும்பச் சூழலும் உடன் படிக்கும் மாணவரும் தேர்ச்சியோடு மிகுந்த தொடர்புடையவை என்று அது கூறிற்று. "பார்த்தீர்களா, பள்ளியால் பயனில்லை!" என்று சிலர் கைதட்டினார்கள். கட்டடங்களுக்கிடையே இருந்த வேறுபாடு பெரிதும் குறைந்தபின் எடுத்த கணக்கு அது என்பதை அவர்கள் மறந்தார்கள். கூரையே இல்லாத ஊரில் கூரை எழுந்தால் என்ன நடக்கும் என்பதற்கு விடை பருத்திக்காட்டில் இருக்கிறது. மேலும் அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது. தன் வாழ்வு தன் கையில் உண்டு என்று நம்பிய கறுப்பின மாணவர்கள் மேலான தேர்ச்சி பெற்றார்கள். தலைவிதி என்று தலைகுனிந்தவனைவிடத் தன்னால் முடியும் என்று நிமிர்ந்தவன் நன்றாகப் படித்தான். தன்மானம் தேர்வறையிலும் துணை நிற்கிறது!

ஒதுக்கல் ஒழிந்ததும் ரோசன்வால்டு பள்ளிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பிள்ளைகள் பொதுப்பள்ளிக்குப் போனார்கள். ஆனால் அவர்களை வளர்த்த கறுப்பின ஆசிரியர்களில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். நீதி வந்த வழியிலும் அநீதி ஒட்டிக்கொண்டு வந்தது. 2002இல் அழிவின் விளிம்பில் உள்ள வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் இப்பள்ளிகள் சேர்க்கப்பட்டன. கட்டடம் அழிந்தாலும் பயன் அழியவில்லை. அலபாமாவில் அத்தகைய ஒரு சிறு பள்ளியில் படித்த வாரக்குடி மகன் ஜான் லூயிஸ், 1987 முதல் 2020இல் மறையும்வரை அமெரிக்க நாடாளுமன்றத்தில் முழங்கினார்.

நமக்கு என்ன?

அந்த நாட்டுப் போராட்டத்தை இந்த மண் எப்போதோ தன் உறவாகக் கண்டது. 1873இல் ஜோதிராவ் பூலே தமது 'குலாம்கிரி' நூலை, அடிமைத்தளையை அறுத்த அமெரிக்க நன்மக்களுக்கே காணிக்கையாக்கினார். பிரவுன் தீர்ப்பு வந்த அதே 1954 மே மாதத்தில்தான், சென்னை மாநிலச் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, எஞ்சிய நேரத்தில் தகப்பன் தொழிலைக் கற்கச் சொன்ன 1953ஆம் ஆண்டுத் திட்டமும் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அங்கே பருத்திக்காடு, இங்கே குலத்தொழில். இரண்டும் குழந்தையைப் பார்த்துச் சொன்னது ஒன்றே: உன் அப்பன் நின்ற இடத்தில் நீயும் நில்!

ஆகவே தோழர்களே, சிற்றூர்ப் பள்ளியின் தேர்ச்சிப் பட்டியலை எவராவது உங்கள் முன் நீட்டினால், அதைப் படியுங்கள். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஐந்து வகுப்புக்கு எத்தனை ஆசிரியர் என்று கேளுங்கள். அறுவடைக் காலத்தில் வராமல் போனவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். வசதியுள்ளவர் தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அழைத்துச் சென்றபின் அங்கே எஞ்சியவர் யார் என்று கேளுங்கள். எண்ணிக்கை குறைந்ததென்று மூடப்போகிறார்களா, எண்ணிக்கை குறையும்படி விட்டவர் யார் என்று கேளுங்கள். அந்த ஊர் ஒரு குழந்தைக்கு எவ்வளவு பெறுகிறது, அந்தக் குழந்தைக்கு எவ்வளவு சேர்கிறது என்று கணக்கும் கேளுங்கள்.

மதிப்பெண் குழந்தையின் பிறப்புச் சான்று அன்று. அந்தக் குழந்தைக்கு நாம் கொடுத்ததும் கொடுக்கத் தவறியதும் சேர்ந்த வரவுசெலவுக் கணக்கு அது. கணக்கில் பிழை இருந்தால் திருத்த வேண்டியது கணக்கை எழுதியவர்கள். போலிஜி ஊரின் அந்த முதியவர் எழுத்தறியாத தலைமுறையைச் சேர்ந்தவர். ஆனால் தம் பங்கை எழுதிவிட்டுப் போனார். எழுத்தறிந்த நாம் நம் பங்கை எழுதுவோம்!